வயது வந்ததும் கைவிடாதீர்கள்

ஆக்குபேஷனல் தெரபி அறைகளில் பிள்ளைகளோடு வேலை செய்யும் தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் ஒரு கேள்வி. ‘இனிமேல் பெரியவர்கள் ஓ.பி.யில் காட்டவும்’ என்று சீட்டு எழுதி, போன வருடம் உங்கள் துறையிலிருந்து எத்தனை பிள்ளைகளை அனுப்பினீர்கள்? பதிவேட்டைப் புரட்டினால் எண்ணிக்கை கிடைத்துவிடும். அவர்களில் எத்தனை பேர் அந்த ஓ.பி.க்குப் போய்ச் சேர்ந்தார்கள்? இதற்குப் பதில் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. யாரும் கேட்டுக் குறித்து வைப்பதில்லை. பிறந்த நாளிலிருந்து கண்ணும் கருத்துமாகப் பார்த்துவந்த பிள்ளைகள் பதினாறு, பதினேழு வயதில் நம் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார்கள். போன இடம் தெரியாமலேயே நாம் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறோம்.

இது தவறு. ஒரு பிள்ளைக்கு வயது கூடிவிட்டதால் நம் கடமை முடிந்துவிடாது. அந்தப் பிள்ளை பெரியவர்களுக்கான மருத்துவரின் முன்னால் உட்கார்ந்து, தன் உடம்பைப் பற்றித் தன் வாயால் சொல்லி, அடுத்து வரவேண்டிய தேதியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பும் நாளில்தான் முடியும். அதற்கு முன்னால் கையை எடுக்கிறவர், அதுவரை செய்த வேலையையும் சேர்த்து வீணாக்குகிறார்.

எல்லா நோயையும் பேச இடமில்லை. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஸ்பைனா பிஃபிடா என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும். கரு உருவான முதல் 4 வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டிய நரம்புக் குழாய் மூடாமல் போவதால் வருவது இது. காலில் பலமும் உணர்ச்சியும் குறைந்திருக்கும். சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருக்காது. பலருக்குத் தலையில் நீர் கோத்து, மூளையிலிருந்து வயிற்றுக்கு ஷண்ட் குழாய் போட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்து ஆளானதே இல்லை. 1950களில் ஷண்ட் வந்தது. 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடஸ் என்ற யூராலஜி மருத்துவர், சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கதீட்டரை உள்ளே விட்டுச் சிறுநீரை வெளியேற்றினால் போதும் என்று காட்டினார். இந்த இரண்டும் சேர்ந்து அவர்களின் ஆயுளை நீட்டின. நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம், பிறவிக் குறைகளின் பட்டியலில் நரம்புக் குழாய்க் குறைபாட்டைத்தான் முதலில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் 18 வயதோடு நின்றுவிடும். பிள்ளைகளைப் பிழைக்க வைத்துவிட்டோம். பிழைத்த பிள்ளை வளர்ந்தால் எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை.

18 என்பதுகூடக் காகிதத்தில்தான். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 18 வயதுவரை பிள்ளைதான் என்கிறது. ஆனால் பல மருத்துவமனைகளில் 12 வயது முடிந்ததுமே குழந்தைகள் வார்டின் கதவு மூடிக்கொள்ளும். அதுவரை ஒரே இடத்தில் எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மூளைக்கு ஒரு ஓ.பி., சிறுநீருக்கு ஒரு ஓ.பி., எலும்புக்கு ஒரு ஓ.பி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கிழமையில். வீல்சேரோடு பஸ் ஏறி, கூலி வேலையை விட்டுவிட்டு வரும் ஒரு குடும்பம் இதில் எத்தனை படி ஏறி இறங்கும்? இரண்டு தடவை வருவார்கள். மூன்றாம் தடவை, ‘இப்போதைக்கு நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

நன்றாக இருப்பதுபோலத் தெரிவதுதான் இந்த நோயின் ஆபத்து. சிறுநீர்ப்பையில் அழுத்தம் ஏறி, சிறுநீர் மேலே திரும்பிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்போது வலிக்காது. வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் கிரியேட்டினின் பரிசோதனையும் பார்த்தால்தான் தெரியும். உணர்ச்சியில்லாத பாதத்தில் செருப்பு கடித்துப் புண் வந்தால் அதுவும் வலிக்காது. ரத்தம் கண்ணில் படும்போது புண் எலும்புவரை போயிருக்கும். ஷண்ட் அடைத்தால் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வரும். அந்தப் பையனுக்கு ஷண்ட் இருக்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால் பெரியவர்கள் பக்கத்து மருத்துவர் அதைச் சாதாரணத் தலைவலி என்றே நினைக்கக்கூடும். இரண்டு வருடம் யாரும் பார்க்காமல் விட்டால் போதும், பதினெட்டு வருட உழைப்பு வீணாக.

அந்தப் பதினெட்டு வருடமும் உழைத்தது யார்? அம்மா. பள்ளிக்கூடத்தில் பதினொரு மணி இடைவேளைக்குக் கதீட்டரும் கையுமாக வந்து நின்றவள் அவள். மத்தியானம் மறுபடி வந்தவளும் அவள். எனிமா கொடுத்ததும், மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்ததும், ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்ததும் அவள்தான். அதே பிள்ளை கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனால் அம்மா அங்கே வர முடியாது. அப்போது பிள்ளை ஒரு வழியைக் கண்டுபிடிக்கும்: தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். குடிக்காவிட்டால் போகவேண்டியதில்லை என்று கணக்கு. கொஞ்ச நாளில் காய்ச்சலும் கிருமித் தொற்றும் கல்லும் வரும். விவரம் புரியாதவர்கள் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பில்லை என்பார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே உண்மை.

ஓ.பி. அறையில் நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ‘எப்படிம்மா இருக்கே?’ என்று மருத்துவர் பெண்ணைப் பார்த்துக் கேட்பார். ‘நல்லா இருக்கா சார், ரெண்டு நாளா யூரின்தான் கலங்கலா போகுது’ என்று அம்மா சொல்வாள். ‘என்ன மாத்திரை சாப்பிடறே?’ மறுபடி அம்மாதான். மருத்துவரின் கண் மெல்ல அம்மா பக்கம் திரும்பிவிடும். பதினாறு வயதுப் பெண் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தன் மாத்திரையின் பெயர் அவளுக்குத் தெரியாது. ஷண்ட் எந்தப் பக்கம் என்று தெரியாது. இந்தப் பெண்ணை நாளைக்குத் தனியாகப் பெரியவர்கள் ஓ.பி.க்கு அனுப்பினால் அவள் என்ன பேசுவாள்?

இதை மாற்றும் வேலை முதலில் நம்முடையது. மருத்துவர் மருந்து எழுதுவார். நர்ஸ் அக்கா கதீட்டர் போடும் முறையைக் காட்டுவார். அந்தப் பிள்ளையின் விரலுக்கு வழுக்கும் மெல்லிய குழாயைப் பிடிக்க முடியுமா, சாயாமல் உட்கார முடியுமா, கல்லூரிக் கழிப்பறையின் வாசலுக்குள் வீல்சேர் நுழையுமா, மணி ஆனது அவனுக்கு ஞாபகம் வருமா என்பதெல்லாம் நாம் படித்த படிப்பு. 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இந்த நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கிய நாளிலிருந்து நம் தொழிலின் அக்கறை ஒன்றுதான்: ஒருவர் தன் அன்றாடத்தைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்குப் போய்வருவது இந்தப் பிள்ளைகளின் அன்றாடம். அதைச் சொல்லிக்கொடுக்காமல் மணி கோக்கவும் பந்து பிடிக்கவும் மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? முதல் நாள் கதீட்டரையே எடுக்க வேண்டாம். பிள்ளையை உட்கார வையுங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை துணியை விலக்கிப் பிடித்திருக்கும், இன்னொரு கை குழாயைப் பிடித்திருக்கும், ஊன்றிக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. அப்படி எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்று பாருங்கள். முடியவில்லையா, முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் என்ன முட்டுக் கொடுக்கலாம் என்று யோசியுங்கள். கேலிப்பர் போட்ட காலை எப்படி விலக்கி வைப்பது? பேன்ட்டின் ஜிப்பைக் கீழ்வரை நீட்டி வெல்க்ரோ வைத்துத் தைத்தால் எழுந்திருக்காமலே திறக்க முடியுமா? பெண் பிள்ளைக்கு ஆரம்பத்தில் ஒரு சின்னக் கண்ணாடியும், அதைத் தொடைகளுக்கு நடுவே நிறுத்த ஒரு ஸ்டாண்டும் வேண்டும். போகப்போக விரல் நுனியால் இடம் கண்டு போடப் பழக்குங்கள். கண்ணாடி வைக்க இடமில்லாத கழிப்பறையிலும் அப்போதுதான் அவளால் சமாளிக்க முடியும். பிறகு பை. சோப்பு, கதீட்டர், ஜெல்லி, தண்ணீர் பாட்டில், மூடி போட்ட டப்பா என்று எது எந்த அறையில் இருக்க வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கீழே போட்டால் அவளே எடுக்கட்டும்.

கை பழகிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். தலையில் நீர் கோத்த பிள்ளைகளில் பலர் நன்றாகப் பேசுவார்கள், வாய் ஓயாமல் பேசுவார்கள். ஆனால் ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதும், வரிசைப்படுத்திச் செய்வதும், நேரத்தை நினைவில் வைப்பதும் அவர்களுக்குக் கடினம். பேச்சைப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் தெரியும், சோம்பேறி’ என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டுவார்கள். அது சோம்பலல்ல, மூளை வேலை செய்யும் விதம் என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். திட்டுவதால் ஞாபகம் வராது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அதிரும் கைக்கடிகாரம், கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிய படங்கள், செல்போனில் அலாரம் என்று வெளியிலிருந்து உதவி கொடுங்கள். மூன்று மாதம் சேர்ந்து பழகுங்கள். எது ஒத்துவருகிறது என்று எழுதி வையுங்கள்.

இவ்வளவையும் பதினேழரை வயதில் தொடங்க முடியாது. 12 வயதிலேயே தொடங்குங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2011-இல் வெளியிட்ட அறிக்கை அந்த வயதைத்தான் சொல்கிறது. 2016-இல் வந்த பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல், 13, 14 வயதுக்குள் திட்டமிடச் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் குறித்து ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இடம் மாறுவதற்கு முன் குறைந்தது 6 மாதமும் மாறிய பின் 6 மாதமும் அவர் கூட இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அங்கே இருக்கும் வசதி இங்கே இல்லைதான். ஆனால் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே உங்கள் பெயரை எழுதிக்கொள்ள எந்த வசதியும் தேவையில்லை.

அடுத்த சந்திப்பிலிருந்தே பிள்ளையிடம் நேராகப் பேசுங்கள். அம்மா பதில் சொன்னால், ‘இருங்கம்மா, அவனே சொல்லட்டும்’ என்று பணிவாக நிறுத்துங்கள். அவன் தடுமாறினால் பொறுத்திருங்கள். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் பெற்றோர் இல்லாமல் பேசுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். எனக்குக் கல்யாணம் ஆகுமா? குழந்தை பிறக்குமா? டயப்பர் போட்டிருப்பது தெரிந்தால் நண்பர்கள் சிரிப்பார்களா? வெட்கப்பட்டு மழுப்பாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததற்கு உரிய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். முதுகுத்தண்டுப் பிளவுள்ள பெண் தாயாகலாம். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே கூடுதல் அளவு ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும் என்பதை அவள் கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். முன்பு இந்தக் குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 4 மி.கி. ஃபோலிக் அமிலம் அதே குறை மறுபடி வருவதை 72 சதவீதம் தடுத்தது. இந்தச் செய்தியை வளர்ந்த பெண்ணிடம் சொல்லாமல் விடுவது கூச்சம் என்ற பெயரில் செய்யும் தீங்கு.

ஃபைல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பெரியவர்கள் ஓ.பி.யில் அதைப் புரட்ட நேரம் கிடையாது. ஒரே பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள். பிள்ளையே சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஷண்ட் எந்தப் பக்கம், கடைசியாக எப்போது மாற்றியது. கதீட்டரின் அளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை. போன ஸ்கேனில் என்ன வந்தது. லேடெக்ஸ் கையுறை ஒத்துக்கொள்ளுமா, ஒவ்வாமையா. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஒவ்வாமை மற்றவர்களைவிட அதிகம் என்பதால், பல் மருத்துவரிடம்கூட முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். கடைசியாக, எதைத் தானே செய்துகொள்வான், எதற்கு உதவி வேண்டும். இந்தக் கடைசி வரியை ஆக்குபேஷனல் தெரபிஸ்டைத் தவிர வேறு யாரும் சரியாக எழுத முடியாது.

காகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். பெரியவர்கள் பக்கத்தில் யார் பார்ப்பார் என்று முன்கூட்டியே தேடுங்கள். பல மருத்துவக் கல்லூரிகளில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நம் பிள்ளைகள் வளர்ந்து என்னவாக முடியும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில். முடிந்தால் முதல் தடவை பிள்ளையோடு நீங்களும் போங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கத்துத் தெரபிஸ்டை உங்கள் அறைக்கு ஒருமுறை அழையுங்கள். போன பிறகு ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில் போன் செய்யுங்கள். போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்று கேளுங்கள். நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற விவசாயி கிடையாது. வயலில் ஊன்றி, தண்ணீர் விட்டு, பச்சை பிடித்ததா என்று பார்த்த பிறகுதான் நடவு முடியும்.

18 வயதில் சட்டமும் மாறுகிறது. அதுவரை பெற்றோர் போட்ட கையெழுத்தை இனிப் பிள்ளைதான் போட வேண்டும். சிறு வயதில் வாங்கிய ஊனச் சான்றிதழின் காலக்கெடுவைப் பார்க்கச் சொல்லுங்கள், யூ.டி.ஐ.டி. அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேவைப்பட்டால் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் கை கால் வராதவர் எல்லாருக்கும் பாதுகாவலர் தேவை என்று நினைத்து அவர்கள் உரிமையைப் பறித்துவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உதவி தேவைப்படுகிறவரும் தன் முடிவில் தானும் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் மனசு நம் அறைக்குள்ளும் இருக்க வேண்டும்.

நேரமில்லை என்பீர்கள். வரிசை வாசல்வரை நிற்பது உண்மைதான். அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் எல்லாவற்றையும் இன்றே செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். மாதத்தில் ஒரு மத்தியானம் 12 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து உட்கார வையுங்கள். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் அண்ணனையும் அக்காவையும் வரச் சொல்லுங்கள். தானே கதீட்டர் போட்டுக்கொள்கிற ஒரு அக்கா அரை மணியில் சொல்லித்தருவதை நாம் ஆறு மாதத்திலும் சொல்லித்தர முடியாது. இதெல்லாம் என் வேலைப் பட்டியலில் இல்லை என்று யாராவது சொன்னால், ஆக்குபேஷனல் தெரபி என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு அப்படிச் சொல்லலாமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அன்பில் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் நீங்கள் இல்லாத நாள் ஒன்று வரும். அந்த நாளுக்குப் பிள்ளையைத் தயார்ப்படுத்துவதும் அன்புதான். மாத்திரை டப்பாவை இன்றைக்கே அவன் கையில் கொடுங்கள். தப்பு செய்தால் உடனே பறித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே தப்பு செய்து திருத்திக்கொள்ளட்டும்.

பெரியவர்கள் பக்கம் பார்க்கும் மருத்துவர்களே, பதினெட்டு வயதில் வரும் இந்தப் பிள்ளையை, ‘இது குழந்தைகள் கேஸ், அங்கேயே போங்க’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். அங்கே கதவு மூடிவிட்டதால்தான் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறான். நிர்வாகிகளே, ஸ்கேனும் யூராலஜியும் மறுவாழ்வும் ஒரே நாளில் கிடைக்கும்படி மாதம் ஒரு கூட்டு ஓ.பி. வையுங்கள். ஒரு அறையும் ஒரு மத்தியானமும்தான் கேட்கிறோம். டயாலிசிஸ் படுக்கைக்கு ஆகும் செலவை நினைத்தால் இது ஒன்றுமேயில்லை.

தெரபிஸ்டுகளே, கடைசியாக உங்களிடமே வருகிறேன். ஆணை வரட்டும், திட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் உங்களிடம் வரும் 12 வயது தாண்டிய முதல் பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். ‘உன் உடம்பைப் பற்றி உனக்கு என்னென்ன தெரியும், சொல்லு பார்ப்போம்’ என்று கேளுங்கள். எவ்வளவு நேரமானாலும் பதில் வரும்வரை காத்திருங்கள். அவனுக்கு இன்னும் என்னென்ன சொல்லித்தர வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். அத்தனையையும் சொல்லிக்கொடுத்து, அவன் தன் காலிலோ தன் வீல்சேரிலோ பெரியவர்கள் ஓ.பி.க்குள் போய் உட்காரும்வரை அவன் உங்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பிலிருந்து எந்த வயது வரம்பும் உங்களை விடுவிக்காது.